துணையிருப்பதும் தள்ளி இருப்பதும்

கேள்வி: லண்டன் ஹாரோவில் ஓர் ஆரம்பப் பள்ளியில், ஆட்டிசம் உள்ள ஏழு வயதுப் பையனுக்குத் துணை உதவியாளராக இருக்கிறேன். நான் பக்கத்தில் இல்லாவிட்டால் அவன் பென்சிலைக்கூடத் தொடுவதில்லை. வகுப்பு டீச்சர் அவனை முழுக்க என்னிடம் விட்டுவிட்டார். சம்பளம் குறைவு. வீட்டில் "ஆயா வேலைக்கா பட்டம் படித்தாய்?" என்கிறார்கள். விட்டுவிடலாமா?
– பெயர் வேண்டாம், ஹாரோ

பதில்: அன்புத் தங்கைக்கு,

வேலையை விடுவதைப் பற்றி அப்புறம் பேசுவோம். முதலில் அந்தப் பையன். அவன் உங்களை நம்புகிறான். அந்த நம்பிக்கையைப் பெறுவதுதான் இந்த வேலையில் மிகக் கடினமான பகுதி, அதைச் செய்துவிட்டீர்கள். இனி கொஞ்சம் கொஞ்சமாக விலகத் தொடங்க வேண்டும்.

இங்கிலாந்து, வேல்ஸ் பள்ளிகளில் பல ஆண்டுகள் நடந்த ஒரு பெரிய ஆய்வின் முடிவு 2009இல் வந்தது. பீட்டர் பிளாட்ச்ஃபோர்டும் குழுவினரும் செய்தது. உதவியாளரிடம் அதிக நேரம் இருந்த பிள்ளைகள், அவர்களைப் போன்ற மற்றப் பிள்ளைகளைவிடப் படிப்பில் குறைவாகவே முன்னேறியிருந்தார்கள். படித்ததும் மனசு நோகும், தெரியும். ஆனால் ஆய்வாளர்கள் உதவியாளர்களைக் குறை சொல்லவில்லை. உதவியாளர் இருக்கிறாரே என்று விட்டதில் அந்தப் பிள்ளைகளுக்கு ஆசிரியரே கிடைக்காமல் போனார். உதவியாளருக்கோ ஆசிரியரோடு உட்கார்ந்து பேச நேரமே ஒதுக்கப்படவில்லை. உங்கள் வகுப்பில் நடப்பதும் இதேதான்.

உங்கள் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். அவனுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு சின்ன வேலையைக் கொடுத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போங்கள். 'இப்போது இது, அடுத்து அது' என்று காட்டும் பட அட்டை அவன் முன்னால் இருக்கட்டும். தயங்கினால் உடனே ஓடி வராதீர்கள். ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்குக் கேட்டதை உள்வாங்கவே நேரம் வேண்டும். நாம் அதே கேள்வியை வேறு வார்த்தையில் திரும்பக் கேட்டால் அவன் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். மனசுக்குள் பத்து எண்ணுங்கள். பிறகு அட்டையைச் சுட்டிக்காட்டுங்கள். அதுவும் போதாவிட்டால் முதல் சொல்லை மட்டும் சொல்லுங்கள். கையைப் பிடித்து எழுதவைப்பது கடைசி வழி. அன்றைக்குப் பக்கம் நிறையவில்லையா, பரவாயில்லை. அவனாக எழுதிய ஒரு வரி, நீங்கள் எழுதவைத்த பத்து வரியைவிடப் பெரிது.

அடுத்து டீச்சர். 2015ஆம் ஆண்டின் சிறப்புக் கல்வி நடைமுறை விதிகள் தெளிவாகவே சொல்கின்றன: உதவியாளர் இருந்தாலும், வகுப்பிலுள்ள ஒவ்வொரு பிள்ளையின் முன்னேற்றத்துக்கும் ஆசிரியர்தான் பொறுப்பு. அதற்காக விதியைக் கையில் பிடித்துக்கொண்டு சண்டைக்குப் போக வேண்டாம். "இன்றைக்கு இவனோடு நீங்கள் உட்காருங்கள், அந்த நேரம் மற்ற மேசையை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று கேட்டுப் பாருங்கள். முப்பது பிள்ளைகளோடு திணறும் ஆசிரியருக்கு இது குற்றச்சாட்டாகப் படாது. அசையவில்லை என்றால் சிறப்புக் கல்விக்குப் பொறுப்பான சென்கோவிடம் போங்கள்.

பையனுக்கு ஈஎச்சிபி திட்டம் (சிறப்புத் தேவையுள்ள பிள்ளைக்கு என்னென்ன உதவி வேண்டும் என்று உள்ளூர் கவுன்சில் எழுதித்தரும் திட்டம்) இருந்தால் அதைக் காட்டச் சொல்லிச் சென்கோவிடம் கேளுங்கள். அதை வாசிக்காமலே வேலை செய்யும் உதவியாளர்கள் நிறையப் பேர். அதன் எஃப் பிரிவில் எழுதியிருக்கும் சிறப்புக் கல்வி உதவிகள், 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி கவுன்சில் கட்டாயம் ஏற்பாடு செய்ய வேண்டியவை. ஆண்டுதோறும் அந்தத் திட்டத்தை மீளாய்வு செய்வார்கள். எந்த இடத்தில் அவன் தனியாகச் சமாளித்தான், எந்தச் சத்தத்தில் காதைப் பொத்தினான் என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். தேதி போட்டு எழுதி வைத்துச் சென்கோவிடம் கொடுங்கள். கடித்தாலோ அடித்தாலோ அதையும் அன்றைக்கே பள்ளிப் பதிவேட்டில் ஏற்றுங்கள்.

சம்பளம் குறைவு என்பது உண்மை. பள்ளி நடக்கும் வாரங்களுக்குக் கணக்கிட்டுப் பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்துக் கொடுப்பதால் இன்னும் சிறுத்துத் தெரியும். யூனிசன் போன்ற தொழிற்சங்கத்தில் சேருங்கள். உங்கள் பட்டம் வெளிநாட்டில் வாங்கியதானால், அத்தகைய பட்டங்களை மதிப்பிடும் யூகே எனிக் அமைப்பில் மதிப்பிட்டு வாங்குங்கள். அதோடு ஆங்கிலம், கணிதம், அறிவியல் மூன்றிலும் ஜிசிஎஸ்இ (இங்கே பதினாறு வயதில் எழுதும் பள்ளித் தேர்வு) நான்காம் தரம் அல்லது அதற்குச் சமமானது இருந்தால் ஆரம்பப் பள்ளி ஆசிரியர் பயிற்சிக்கே விண்ணப்பிக்கலாம். வீட்டாருக்கு ஒன்று சொல்லுங்கள்: கழிப்பறைக்குக் கூட்டிப்போவதும் இந்த வேலையில் உண்டு, அதில் இழிவு எதுவும் இல்லை.

சரி, விடலாமா? ஒரு பருவம் முழுக்க முயன்றும் டீச்சரும் சென்கோவும் கண்டுகொள்ளவில்லை என்றால் பள்ளியை மாற்றுங்கள். இந்த வேலையை விட வேண்டாம் என்பதே என் எண்ணம். பள்ளி மாறிப் போவதானால் திடீரென்று போகாதீர்கள். புதிதாக வருபவரோடு சில நாள் சேர்ந்திருக்கப் பள்ளியிடம் கேளுங்கள். அவருடைய படத்தை அவன் கால அட்டவணையில் முன்கூட்டியே ஒட்டி, எந்த நாளிலிருந்து அவர் வருவார் என்று அவனுக்குக் காட்டிவிடுங்கள்.