தனுஷ்கோடியை அழித்தது பருவநிலை மாற்றமா?

கேள்வி: ராமேஸ்வரத்துக்கு அருகே, மண்டபம் ஊர்ப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். பாதிப்பேர் மீனவர் வீட்டுப் பிள்ளைகள். பருவநிலை மாற்றம் என்றதும் பனிக்கரடியை வரைகிறார்கள். போன வாரம் ஒரு மாணவி, “நம்ம ஊரும் தனுஷ்கோடி மாதிரிப் போயிருமா டீச்சர்?” என்று கேட்டாள். என்ன பதில் சொல்வது, எப்படி நடத்துவது?

பதில்: பனிக்கரடியை விடுங்கள். அந்த மாணவியின் கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

நம் கரையில் நடந்த எல்லாக் கேட்டையும் பிள்ளைகள் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவார்கள். அதை அவிழ்ப்பதுதான் முதல் வேலை. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்தது புயல். 2004 சுனாமிக்குக் காரணம் கடலடி நிலநடுக்கம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு அமிழ்ந்துபோனதில், சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி எடுத்ததற்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் 2010இலும் 2016இலும் பவளங்கள் வெளுத்தது வேறு கதை. பவளத்துக்குள் குடியிருந்து அதற்குச் சோறு போடுவது நுண்பாசி. கடல்நீர் அளவுக்கு மிஞ்சிச் சூடானால் அது வெளியேறிவிடும். பூமி சூடாவதன் நேரடி அடையாளம் இதுதான்.

இப்படி ஒரே காரணத்துக்குள் ஒழுங்காக அடங்காத விஷயங்களும் உண்டு. அவற்றுக்குத்தான் கூடுதல் பீரியடு ஒதுக்க வேண்டும். பேச்சாளையை (மத்தி மீனை) எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு பெரும்பாலும் கேரளக் கரை மீன். பிறகு நம் பக்கமும் நிறையப் படத் தொடங்கியது. கடல் சூடானதை இதற்கு ஒரு காரணமாக ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். மற்ற மீன்கள் குறைந்ததற்கோ விசைப்படகு மடி வலையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். “எந்த மீன் எந்த மாசம் பட்டுச்சு, இப்ப எப்ப படுது, கச்சான் காத்து எப்ப ஆரம்பிக்குது?” என்று வீட்டில் தாத்தா, அப்பாவிடமும், பாசி எடுக்கப் போகும் அம்மாவிடமும் கேட்டு எழுதி வரட்டும். ஒரு தாத்தா சொன்னால் அது ஞாபகம். இருபது வீட்டுப் பதிலை அட்டவணையில் போட்டால் பேச ஒரு பிடி கிடைக்கும்.

கரியமில வாயுக் கணக்கை (தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்தில் 280 பங்கு இருந்தது, இன்று 420க்கு மேல்) ஒரே பீரியடில் முடித்துவிடலாம். அப்பாவின் படகு டீசலைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிடாதீர்கள். அந்தப் பையன் அதன்பின் வாயே திறக்க மாட்டான்.

கடல்மட்டத்துக்கு ஒரு சோதனை. கண்ணாடிப் பாட்டிலில் மை கலந்த தண்ணீரை விளிம்புவரை நிரப்பி, மூடியில் ஓட்டை போட்டு மெல்லிய ஸ்ட்ராவைச் செருகி, எம்-சீலால் அடைத்து வெயிலில் வையுங்கள். (மெழுகு வேண்டாம், நம்மூர் வெயிலில் இளகிவிடும்.) ஒரு சொட்டுகூடச் சேர்க்காமலே ஸ்ட்ராவில் நீர் ஏறும். சூடான கடலும் இப்படித்தான் விரிகிறது. நிலத்துப் பனி உருகி வருவது தனி.

இனி அந்த மாணவிக்கான பதில்: “நாளைக்கே மூழ்காதும்மா. 1901இலிருந்து 2018 வரை உலகக் கடல்மட்டம் ஏறினது சுமார் 20 செ.மீ., ஏறக்குறைய ஒரு சாண். இப்ப வேகம் கூடியிருக்கு. அதே 1964 புயல் இன்னைக்கு அடிச்சா, அலை அன்னைக்கு இருந்ததைவிட உயரமான கடல்லருந்து கிளம்பும். மணல்ல தோண்டுற ஊத்துத் தண்ணி உப்பாகறது அதுக்கும் முன்னாடியே நடக்கலாம்.” பயமுறுத்தவும் வேண்டாம், பூசி மெழுகவும் வேண்டாம். பதினான்கு வயதுக்கு இது தாங்கும்.

ஒரு எச்சரிக்கை: யாராவது ஆர்வத்தில் பவளத் துண்டைப் பொறுக்கி வந்தால் வகுப்பில் வைத்துக்கொள்ளாதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பவளம் முதல் அட்டவணையில் இருக்கிறது. படம் போதும்.