போக்கர் ஆடியவரின் வங்கிக் கணக்கு முடங்கினால்…

வேளச்சேரியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வயது 31, மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை. நான்கு ஆண்டுகள் கைப்பேசிச் செயலி ஒன்றில் பணம் கட்டிப் போக்கர் என்ற சீட்டாட்டம் ஆடிவந்தவர், 2025 ஆகஸ்டில் அந்தச் செயலி பண ஆட்டத்தை நிறுத்தியதும் மீதித் தொகையை எடுத்துக்கொண்டு விலகினார். சில மாதங்களுக்குப் பின் டெலிகிராமில் அறிமுகமான ஓர் ஏஜென்ட் மூலம் வேறொரு செயலியில் ‘கிளப்’ ஒன்றில் சேர்ந்து, தம் பணத்தோடு உடன் வேலை செய்யும் இருவரின் பணத்தையும் வாங்கி அனுப்பிவந்தார். சென்ற மாதம் வென்ற தொகை என்று 42,000 ரூபாய் முன்பின் தெரியாத ஒருவரின் கணக்கிலிருந்து வந்தது. பத்தாம் நாள் சம்பளக் கணக்கே முடங்கிவிட்டது. “போக்கர் திறமை விளையாட்டு என்று நம் உயர் நீதிமன்றமே சொன்னதே, நான் குற்றவாளியா? என்னைக் கைது செய்வார்களா? கணக்கை ஒரு வாரத்தில் விடுவித்துத் தர ஒருவர் 30 விழுக்காடு கேட்கிறார், கொடுக்கலாமா?” என்று கேட்கிறார்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில்தான் அவசரம் இருக்கிறது. கொடுக்காதீர்கள். உயர் நீதிமன்றத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் அலுவலகம் வைத்திருக்கும் எங்களைப் போன்ற வழக்கறிஞர்களிடம் இத்தகைய ஆட்களிடம் ஏமாந்த பிறகு வருபவர்களே அதிகம். சைபர் கிரைம் அலுவலகத்தில் ஆள் இருக்கிறது, தடையில்லாச் சான்று வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் பெறுவார்கள். அதோடு நின்றால் போனது பணம் மட்டும்தான். அந்த 42,000 ரூபாய் பழைய மடிக்கணினி விற்றதற்காக வந்தது என்பது போல ஒரு பொய் ரசீதைத் தயாரித்து, உங்கள் கையெழுத்தோடு காவல் துறைக்கு அனுப்பிவிடுவார்கள். அதுவரை விளக்கம் கேட்கப்படும் ஒருவராக மட்டும் இருந்த நீங்கள், அன்றிலிருந்து பொய் ஆவணம் கொடுத்தவராகிவிடுவீர்கள். போக்கர் தொடர்பான எந்தச் சட்டத்தையும் விட அது கடுமையான சிக்கல்.

இனி, குற்றவாளியா என்ற கேள்வி. நீங்கள் சொல்லும் தீர்ப்பு உண்மையானதுதான். தமிழ்நாட்டின் இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது, அதன் அட்டவணை ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டுகள் என்று வகைப்படுத்தியிருந்தது. அத்தகைய ஆட்டத்தை ஆடுபவருக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் என்றும் சொன்னது. அதே ஆண்டு நவம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்று, அந்த அட்டவணையை மட்டும் ரத்து செய்து, இவ்விரண்டும் திறமை விளையாட்டுகளே என்றது. அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஆனால் இந்தத் திறமையா அதிர்ஷ்டமா என்ற வாதத்தையே நாடாளுமன்றம் ஓரம் கட்டிவிட்டது என்பதை நீங்கள் கவனிக்கவில்லை. 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ இரண்டும் கலந்ததோ, பணம் கட்டிப் பணம் வெல்லும் எண்ணத்தோடு ஆடும் இணைய விளையாட்டு எதுவானாலும் அது பண விளையாட்டே என்று வரையறுத்துத் தடை செய்கிறது. உங்கள் பழைய செயலி நின்றது இதனால்தான். எனவே 2023 தீர்ப்பின் நகலை அச்சிட்டுக் கையில் வைத்துக்கொண்டு காவல் நிலையத்தில் வாதாட வேண்டாம்.

இந்த மத்தியச் சட்டத்தில் ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. விளையாட்டை நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும், விளம்பரம் செய்பவருக்கு இரண்டு ஆண்டும் 50 லட்சமும் என்று போகிறது பட்டியல். உங்களுக்கு இது நிம்மதி தரும். ஆனால் பணப் பரிமாற்றத்துக்கு உதவுபவருக்கும் நடத்துபவருக்கு உள்ள அதே தண்டனைதான். அந்தப் பிரிவு வங்கிகளோடு நிற்காமல் ‘வேறு எவரும்’ என்று விரிகிறது. உடன் வேலை செய்பவர்கள் இருவரின் பணத்தை வாங்கி ஏஜென்டுக்கு அனுப்பினீர்களே, அங்கேதான் நீங்கள் ஆடுபவர் என்ற பாதுகாப்பான இடத்திலிருந்து இறங்கி, கைமாற்றுபவர் என்ற இடத்துக்கு ஓரடி வைத்துவிட்டீர்கள். நண்பர்களுக்குச் செய்த உதவி என்று உங்களுக்குத் தோன்றும். கணக்கு அறிக்கையைப் படிப்பவருக்கு அப்படித் தோன்றாது. கமிஷன் எதுவும் வாங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது உங்களுக்குச் சாதகமானது. ஆனாலும் இன்றோடு நிறுத்துங்கள். உங்கள் கணக்கைக் கொஞ்ச நாள் பயன்படுத்திக்கொள்கிறோம், நூற்றுக்கு இரண்டு தருகிறோம் என்று அடுத்து ஏஜென்ட் கேட்பார். எனக்குத் தெரிந்து கேட்காமல் விட்டதில்லை.

இலவசச் சிப்ஸ் (ஆட்டத்தில் பணத்துக்குப் பதிலாக வைக்கும் வில்லைகள்) வைத்து ஆடும் செயலிகளுக்குத் தடை இல்லையே, இந்தக் கிளப் செயலியும் பொழுதுபோக்குக்கு மட்டும் என்றுதானே முகப்பில் எழுதியிருக்கிறது என்றும் கேட்டிருக்கிறீர்கள். இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரை இழுத்துச் செல்வது இந்த ஒரு விதிவிலக்குதான். பந்தயமாகப் பணம் வைக்காமல், வென்றாலும் பணம் திரும்பாமல் ஆடுவது சமூக விளையாட்டு. அதற்குச் சந்தா வாங்கினால்கூடச் சட்டம் குறுக்கே வராது. ஆனால் சந்தா என்பது உள்ளே நுழைவதற்கான கட்டணமாக இருக்க வேண்டுமே தவிர, பந்தயத்தின் வேறு பெயராக இருக்கக் கூடாது. உங்கள் கிளப்பில் நடப்பது வேறு. செயலிக்குள் சிப்ஸுக்கு மதிப்பில்லை. செயலிக்கு வெளியே, ஒரு சிப்ஸ் ஒரு ரூபாய் என்று ஏஜென்ட் கணக்கு வைத்து, ஜிபேயில் வாங்கி, ஜிபேயில் கொடுக்கிறார். செயலியின் முகப்பில் என்ன எழுதியிருந்தாலும், பணம் கொடுத்துப் பணம் எதிர்பார்த்து நீங்கள் ஆடியது பண விளையாட்டுதான். வாரக் கடைசியில் நண்பர்கள் அதே செயலியில் கூடி, யாருக்கும் ஒரு காசும் கைமாறாமல் ஆடினால் அது சமூக விளையாட்டு. ஒரே செயலி, ஒரே சீட்டு. ஆட்டம் முடிந்தபின் யாருக்காவது பணம் போகிறதா என்பதுதான் கேள்வி. ஏஜென்ட் பணம் தராமல் ஓடிவிட்டால் செயலி நிறுவனத்திடம் புகாரும் கொடுக்க முடியாது, அவர்கள் கணக்கில் நீங்கள் பணமே கட்டியதில்லை.

கணக்கு முடங்கியது பெரும்பாலும் போக்கருக்காக அன்று. எங்கோ ஒருவர் இணைய மோசடியில் பணம் இழந்து 1930 என்ற எண்ணுக்குப் புகார் செய்திருப்பார். அந்தப் பணம் நான்கைந்து கணக்குகள் தாண்டி, ஏஜென்ட் வழியாக உங்களிடம் 42,000 ஆக வந்திருக்கும். ஏஜென்டுகள் வென்றவருக்குத் தம் பணத்திலிருந்து தருவதில்லை, யாரிடமிருந்தோ வருவதைத் திருப்பிவிடுகிறார்கள். ஆகவே வங்கிக் கிளைக்கு எழுத்து மூலம் கடிதம் கொடுத்து, புகாரின் ஒப்புகை எண், எந்த மாநிலத்தின் எந்தக் காவல் நிலையம், எவ்வளவு தொகைக்குத் தடை என்ற மூன்றையும் கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்டால் ‘சைபர் கிரைமில் கேளுங்கள்’ என்பார்கள். இங்குள்ள சைபர் கிரைமில் கேட்டால் அது வேறு மாநிலப் புகார் என்பார்கள். சம்பளத்தை நம்பி வீட்டு வாடகையும் பிள்ளைகளின் கட்டணமும் கட்டும் ஒருவரை, காரணம்கூடச் சொல்லாமல் இரண்டு அலுவலகங்களுக்கிடையே அலையவிடும் இந்த நடைமுறையைப் பல ஆண்டுகளாகப் பார்க்கிறேன், கோபம்தான் வருகிறது. சொத்தைக் கைப்பற்றும் காவல் அதிகாரி உடனே குற்றவியல் நடுவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு சொல்கிறது. அது நடந்ததா என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. 2024-இல் இத்தகைய ஒரு வழக்கில், சந்தேகத்துக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவைத்துவிட்டுக் கணக்கை இயக்க அனுமதிக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. உங்கள் கோரிக்கையும் அதுவாகவே இருக்கட்டும்: 42,000 ரூபாய்க்குத் தடை இருக்கட்டும், மீதியை விடுவியுங்கள். வங்கி மறுத்தால் நடுவர் நீதிமன்றத்திலோ உயர் நீதிமன்றத்திலோ மனு செய்யலாம்.

வருமான வரியையும் விட்டுவிடாதீர்கள். இணைய விளையாட்டில் நிகரமாக வென்ற தொகைக்கு 30 விழுக்காடும் அதன் மேல் 4 விழுக்காடு கூடுதல் வரியும் உண்டு. சம்பளத்தோடு சேர்த்து நட்டக் கணக்குக் காட்ட முடியாது. பழைய செயலி பிடித்த வரி வரிப் பிடித்தங்களைக் காட்டும் உங்கள் 26ஏஎஸ் படிவத்தில் இருக்கும். ஏஜென்ட் எதையும் பிடித்திருக்க மாட்டார், அதனால் வரி இல்லை என்று ஆகாது.

கைது பற்றி: நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், காவல் துறை உங்களை விளக்கம் கேட்க அழைக்கும் வாய்ப்பே அதிகம். அழைப்பாணை வந்தால் வழக்கறிஞரோடு போய் நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள். டெலிகிராம் உரையாடல்களையும், உடன் வேலை செய்பவர்கள் பணம் அனுப்பிய பதிவுகளையும் பயத்தில் அழித்துவிடாதீர்கள். நீங்கள் ஏஜென்ட் அல்ல என்பதைக் காட்ட உங்களிடம் இருப்பவை அவைதாம். அடுத்த மாதச் சம்பளத்தை வேறொரு வங்கிக் கணக்குக்கு மாற்றித் தரும்படி அலுவலகத்தில் இன்றே கேளுங்கள். நாளைக் காலை வங்கிக்குப் போகும்போது கடிதத்தின் இரண்டு படிகளோடு போய், ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.