எலும்பிலும் மூளையிலும் ஒரே பழுது

கேள்வி: என் அண்ணனுக்கு வயது 34. பல ஆண்டுகளாகக் கணுக்காலிலும் மணிக்கட்டிலும் வலி; எக்ஸ்ரேயில் எலும்புக்குள் ஓட்டைகள் தெரிகின்றன. ஓராண்டாக மறதியும், அவர் குணத்துக்கே ஒவ்வாத முன்கோபமும் சேர்ந்துவிட்டன. மரபணுச் சோதனையில் டிஏபி12 என்ற புரதத்துக்கான மரபணு இரு பிரதிகளிலும் பழுது என்று வந்துள்ளது. அப்பா தம் அக்காள் மகளை மணந்தவர். எனக்கும் தாய்மாமன் மகளையே பேசுகிறார்கள். இது எனக்கும் வருமா?
– வாசகர், உசிலம்பட்டி

பதில்: உங்கள் அண்ணனுக்கு வந்திருப்பது, 1970களின் தொடக்கத்தில் பின்லாந்திலும் ஜப்பானிலும் தனித்தனியே விவரிக்கப்பட்ட நாசு-ஹகோலா என்னும் அரிய நோய். டிஏபி12 செல்லின் சவ்வில் ஊடுருவி நிற்கும் சிறு புரதம். வெளியே நீட்டியிருக்கும் பகுதி மிகக் குட்டையானதால் அதனால் தானாக எந்தச் செய்தியையும் பிடிக்க முடியாது. பக்கத்தில் நிற்கும் ட்ரெம்-2 போன்ற ஏற்பிகள் பிடிக்கும் செய்தியைச் செல்லுக்குள் கடத்துவதே அதன் வேலை. வாசலில் இருக்கும் பொத்தானையும் வீட்டுக்குள் அடிக்கும் மணியையும் இணைக்கும் ஒயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொத்தான் கெட்டாலும் ஒயர் அறுந்தாலும் மணி அடிக்காது; ட்ரெம்-2 பழுதானவர்களுக்கும் இதே நோய்தான் வருகிறது.

எலும்பைக் கரைத்துப் புதுப்பிக்கும் செல்களும், மூளையில் கழிவகற்றும் மைக்ரோகிளியா செல்களும் இந்த ஒயரையே நம்பியிருப்பதால்தான் கணுக்காலும் நினைவாற்றலும் ஒரே ஆளிடம் பழுதாகின்றன. நோய் எதிர்ப்புச் செல்களிலும் இது உண்டு. ஆனாலும் இந்நோயாளிகளுக்குத் தொற்றுகள் அடிக்கடி வருவதில்லை என்பது வியப்புதான். இது அல்சைமர் அன்று. ஆயினும் ட்ரெம்-2இன் ஒரு மாற்றம் அல்சைமர் வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது என்று 2013இல் தெரியவந்தது. நோயை நீக்கும் மருந்து இன்னும் இல்லை. எலும்பு முறியாமல் காப்பதும், வலிப்பு வந்தால் அடக்குவதுமே சிகிச்சை.

அப்பாவிடமிருந்து ஒன்றும் அம்மாவிடமிருந்து ஒன்றுமாக வரும் இரு பிரதிகளும் பழுதானால்தான் இந்நோய் வரும். உங்களுக்கு அப்படி அமைய நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு இருந்தது. இதுவரை வலியில்லை என்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வர வேண்டாம். நோயற்றவர் என்று உறுதியானாலும், ஒரு பழுதைச் சுமப்பவராக இருக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்புண்டு. உங்கள் அம்மாவிடமுள்ள அப்பழுது உங்கள் அப்பாவின் அக்காள், அதாவது உங்கள் அம்மாவைப் பெற்ற பாட்டி, வழியாக வந்திருக்கவே வாய்ப்பு மிகுதி. அப்படியானால் அவர் மகனான உங்கள் மாமனிடமும் அது இருக்கலாம். ஆகவே நிச்சயதார்த்தத்துக்கு முன்பே நீங்கள் சோதித்துக்கொள்ள வேண்டும் என்பேன். உங்களிடம் பழுது இல்லையெனில் உங்கள் பிள்ளைகளுக்கு இந்நோய் வராது. இருந்தால் பெண்ணுக்கும் சோதனை தேவை. அண்ணனின் அறிக்கையைக் கையோடு கொண்டுசெல்லுங்கள்; பழுதான இடம் அதில் குறிக்கப்பட்டிருப்பதால், அந்த ஓரிடத்தைப் பார்த்தாலே போதும்.