பால்போசிக்ளிப் 2ஆம் சுற்று: வெள்ளையணு 2,400, இன்று மாத்திரை தொடங்கலாமா?

அம்மாவின் மார்பகப் புற்றுநோய்க்கான பால்போசிக்ளிப் மாத்திரையை இன்று தொடங்க வேண்டாம். ரிப்போர்ட்டில் மொத்த வெள்ளையணு 2,400, அதில் நியூட்ரோஃபில் (தொற்றை எதிர்க்கும் வெள்ளையணு வகை) 35% என்று போட்டிருக்கிறீர்கள். பெருக்கினால் 840. பார்க்க வேண்டியது இந்த எண்ணைத்தான். இது 1,000-ஐத் தொட்ட பிறகே அடுத்த 21 நாள் சுற்று.

நோய் முற்றிவிட்டதோ என்று பயப்படாதீர்கள். புற்றணு பிரிவதைத் தடுக்கும் இம்மருந்து எலும்பு மஜ்ஜையில் வெள்ளையணு உருவாவதையும் தடுக்கிறது. கீமோ போல அவற்றைக் கொல்வதில்லை, நிறுத்தி வைக்கிறது. மாத்திரை இல்லாத 7 நாள் அதற்குத்தான். அம்மாவுக்கு இன்னும் சில நாள் கூடுதலாகத் தேவைப்படுகிறது, அவ்வளவே.

1. டாக்டரிடம் இன்றே எண்ணைச் சொல்லுங்கள். ஒரு வாரத்துக்குள் மறுபடி ரத்தப் பரிசோதனை.
2. காய்ச்சல் இல்லாமல் 1,000 தாண்டினால் பெரும்பாலும் அதே 125 மி.கி. 500-க்குக் கீழே போயிருந்தாலோ, காய்ச்சலோ தொற்றோ சேர்ந்திருந்தாலோ 100-க்குக் குறைப்பார்கள்.
3. கூடவே கொடுக்கும் ஹார்மோன் தடுப்பு மாத்திரையான லெட்ரோசோலை நீங்களாக நிறுத்தாதீர்கள். அது தினசரி மாத்திரை.

ஒன்றை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள்: உடம்புச் சூடு 100.4 பாரன்ஹீட் வந்தால், நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். முதலில் பாராசிட்டமால் கொடுத்துப் பார்ப்போம் என்று இருந்துவிடாதீர்கள். சூடு தணியும், தொற்று உள்ளே வளரும்.