பிடி அரிசி

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் பனங்காட்டு நினைவுகளைப் படித்தேன். நான் சாயர்புரம் பக்கத்தில் பிறந்தவள். அப்பா காலமான பிறகு, பூர்வீக வீட்டைச் சென்ற மாதம் விற்றுவிட்டோம். இரவு எட்டு மணிக் குடும்ப ஜெபமும் கீர்த்தனைகளும் அந்தத் திண்ணையோடு முடிந்துவிட்டதாகத் தோன்றுகிறது. பெங்களூரில் வளரும் என் பிள்ளைகளுக்கு அவை ஒன்றும் தெரியாது. கோயிலுக்கு, அதாவது சர்ச்சுக்கு, போவதை நிறுத்திவிட்டதாக நீங்களும் எழுதியிருந்தீர்கள். அந்த வீட்டிலிருந்து உங்களிடம் மிஞ்சியது என்ன?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

எங்கள் வீடு வெள்ளாளன்விளைக்கு அருகில் இருந்தது. அங்கும் எட்டு மணி ஜெபம் உண்டு; அதில் நான் பெரும்பாலும் தூங்கி விழுந்திருக்கிறேன். எனக்குப் பதிந்தது அடுப்படிதான். ஆச்சி உலைக்கு அரிசி அளந்து முறத்தில் கொட்டியதும், அதிலிருந்து ஒரு பிடி அள்ளி, மூலையிலிருந்த சிறு பானையில் போடுவாள். எடுத்த பிடியை ஈடுகட்ட மறுபடியும் அளக்க மாட்டாள். அந்தப் பிடி எங்கள் சாப்பாட்டிலிருந்தே போயிற்று. உண்மையில், எல்லோரும் உண்டபின் கடைசியாக உட்காரும் அவளுடைய பங்கிலிருந்து போயிற்று. இது எனக்குப் புரிய நாற்பது வயதாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை அந்த அரிசி ஓலைப்பெட்டியில் கோயிலுக்குப் போகும். "எங்கம்மா போட்ட அரிசி தெலுங்கு தேசம் வரைக்கும் போயிருக்கு பிள்ளே" என்பாள் ஆச்சி. அது வெறும் பெருமைப் பேச்சில்லை. 1874இல் வெள்ளாளன்விளையில் பிறந்து, 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரான வி. எஸ். அசரியா, 1903இல் நண்பர்களோடு சேர்ந்து இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியபோது, வெளிநாட்டுப் பணத்தை நம்பாமல் நம் மக்களின் காணிக்கையைக்கொண்டே ஊழியம் நடத்துவது என்று உறுதிகொண்டார்கள்; அந்த ஊழியம் பிறகு தெலுங்கு தேசத்தின் தோர்ணக்கல் பகுதியில் நடந்தது. பனையேறிகளின் வீடுகளிலிருந்து அந்தக் காணிக்கை எப்படி வந்தது என்று யோசித்தால், எனக்கு ஆச்சியின் கைதான் தெரிகிறது.

பிறகு சென்னையில் வேலை, வேறு மதத்தவரோடு திருமணம், அதையொட்டி உறவுகளில் வந்த கசப்பு, கோயில் வாசலை மிதிக்காத பதினைந்து ஆண்டுகள். அவற்றை இங்கே விரித்து எழுத மனமில்லை.

அப்பா போனபின் அம்மா எங்களுடன் தங்க வந்தார். வந்த அன்றே காலி ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றைக் கழுவிக் காயவைத்தார். என்னை ஜெபிக்கச் சொல்லி அவர் ஒருநாளும் வற்புறுத்தவில்லை. குக்கருக்கு அளந்த அரிசியிலிருந்து தினமும் ஒரு பிடியை அந்தப் பாட்டிலில் போட்டுவந்தார், அவ்வளவுதான். நிறைந்ததும் அது எங்கே போகிறது என்று நானும் கேட்டதில்லை. அவர் இறந்து ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது, பாட்டில் முக்கால்வாசி நிறைந்து, அரிசியில் வண்டு விழுந்திருந்தது. பால்கனியில் செய்தித்தாளை விரித்துக் கொட்டினேன். வெயில் ஏற ஏற, கறுப்பு வண்டுகள் ஒவ்வொன்றாகத் தாளின் ஓரத்துக்கு ஊர்ந்து வெளியேறின. துணி கொடுக்க வந்த இஸ்திரிக்காரரின் மனைவி அதைப் பார்த்து நின்றுவிட்டார். மாதாமாதம் அம்மா அந்த அரிசியைக் கொடுத்துவந்தது அவருக்குத்தான். அன்று அதை அவரோடு சேர்ந்து புடைத்து, அவரிடமே கொடுத்தேன்.

என்னிடம் எவ்வளவு விசுவாசம் இருக்கிறது என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை, சகோதரி. ஆனால் இன்று காலையும் அரிசியை அளந்தபின் ஒரு பிடி எடுத்து அந்தப் பாட்டிலில் போட்டேன். உங்கள் அம்மாவின் அடுப்படியிலும் இப்படி ஒரு பானை இருந்திருக்கும். அது எந்த மூலையில் இருந்தது, நிறைந்ததும் யார் தூக்கிக்கொண்டு போனார்கள் என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள், எனக்கும் எழுதுங்கள்.