மகள் மீன் இனப்பெருக்க ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்றால்

"மீனைப் படித்து என்ன வேலை கிடைக்கும்?" என்று கேட்கிறீர்கள். நியாயமான கவலைதான். சம்பளத்தைப் பேசுவதற்கு முன் இந்த ஆராய்ச்சியில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பிள்ளைக்கு இது ஒத்துவருமா என்பது அதில்தான் புரியும்.

கட்லா, ரோகு, மிர்கால் எல்லாம் மழைக்காலத்தில் ஆற்று வெள்ளத்தில் முட்டையிடும் மீன்கள். குளத்தில் வளர்த்தால் சினை பிடிக்கும், வயிறு உப்பும், முட்டை மட்டும் வராது. முட்டை முதிர்ந்து வெளியேறத் தேவையான ஹார்மோனை, மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி விடாததே காரணம். 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் ஹீராலால் சௌத்ரி, பிட்யூட்டரிச் சாற்றை ஊசியாகப் போட்டு இந்தப் பெருங்கெண்டை இனத்தை முட்டையிட வைத்தார். அந்த நாளைத்தான் தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறோம். அந்த முறையில் பெண் மீனுக்கு இரண்டு ஊசி. முதலில் உடல் எடையில் கிலோவுக்கு 2 முதல் 3 மில்லிகிராம். ஆறு மணி நேரம் கழித்து 5 முதல் 8 மில்லிகிராம். ஆணுக்கு அந்த இரண்டாம் வேளையில் மட்டும் 2 முதல் 3.

இதற்கு மேல்தான் உடலியங்கியல், அதாவது உடல் எப்படி வேலை செய்கிறது என்ற படிப்பு வருகிறது. மீனின் மூளையில் சுரக்கும் டோபமைன் என்ற வேதிப்பொருள் அந்த ஹார்மோனைத் தடுத்து வைக்கிறது. அது புரிந்த பிறகு, சுரப்பியைத் தூண்டும் மருந்தையும் டோபமைனை முடக்கும் டோம்பெரிடோன் என்ற மருந்தையும் கலந்து ஒரே ஊசியாக்கினார்கள். இன்று பெண் மீனுக்குக் கிலோவுக்கு 0.3 முதல் 0.5 மில்லி போதும்.

கொடுவா இன்னும் நுணுக்கமானது. முதலில் ஆணாக வளர்ந்து, சில ஆண்டுகளில் பெண்ணாக மாறும் மீன் அது. சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனமான சிபா அதைத் தொட்டியில் முட்டையிடச் செய்தது 1997இல். ஊசிக்கு முன் மெல்லிய குழாயைச் செலுத்திச் சில முட்டைகளை எடுத்து மைக்ராஸ்கோப்பில் அளப்பார்கள். விட்டம் 0.45 மில்லிமீட்டரைத் தாண்டியிருக்க வேண்டும். அதற்கு முன்பே அவசரப்பட்டு ஊசி போட்டால் மீன் முட்டையிடாது, அலைக்கழிந்ததுதான் மிச்சம்.

கெண்டையின் வயிற்றை நீவி முட்டை எடுக்கும்போது பாத்திரம், மீன், கை மூன்றும் உலர்ந்திருக்க வேண்டும். தண்ணீர் பட்ட நொடியே விந்தணு நீந்தத் தொடங்கி, ஒரு நிமிடத்துக்குள் ஓய்ந்துவிடும். ஒரு சொட்டு ஈரத்தால் ஒரு பருவத்து உழைப்பு வீணாகும். அதனால் முட்டையையும் விந்தையும் முதலில் இறகால் கலந்து, பிறகுதான் தண்ணீர் ஊற்றுவார்கள். இதைப் பொறுமையாகச் செய்யும் பிள்ளைக்கு இந்தத் துறை பொருந்தும். ராத்திரி வேலை உண்டு. பிட்யூட்டரி முறையில் மாலையில் முதல் ஊசி, நள்ளிரவில் இரண்டாவது, விடியலில் முட்டை. பெண் பிள்ளை என்று தயங்கினால், சேரும் இடத்தில் இரவில் உடன் இருப்பது யார், தங்கும் வசதி என்ன என்று நேரடியாகக் கேளுங்கள்.

படிப்பில் ஒரு விஷயத்தை மட்டும் கவனமாகப் பாருங்கள். மீன்வள அறிவியல் முதுநிலைப் படிப்பான எம்.எஃப்.எஸ்சி. சேர, அதன் இளநிலைப் பட்டமான பி.எஃப்.எஸ்சி. கேட்பார்கள். "முதலில் விலங்கியல் படிக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று விட்டால் அந்த வழி அநேகமாக அடைபடும். பிறகு கடல் உயிரியல் வழியாகத்தான் வரவேண்டும். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மையம் அதற்கு நல்ல இடம். பி.எஃப்.எஸ்சி. நான்கு வருடம். நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளில் பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு, நீட் வேண்டாம். மேற்படிப்புக்கு மும்பையில் உள்ள மத்திய மீன்வளக் கல்வி நிறுவனமான சிஃபே முதல் தேர்வாக இருக்கட்டும்.

முனைவர் பட்டம் வரை கிட்டத்தட்ட பத்து வருடம் ஆகும். அதைப் பிள்ளையிடம் மறைக்காதீர்கள். சிஎஸ்ஐஆர் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் ரூ.37,000, அதுவரை செலவு உங்கள் பொறுப்பு. நடுவில் நிறுத்தினாலும் மீன்வளத்துறைப் பணிக்கான டிஎன்பிஎஸ்சி தேர்வுகளும் தனியார் ஹேச்சரி (மீன்குஞ்சுப் பண்ணை) வேலைகளும் இருக்கின்றன.

விண்ணப்பிக்கும் முன் ஒரு தடவை மேட்டூர் அல்லது பவானிசாகர் அரசு மீன்குஞ்சுப் பண்ணைக்கு அழைத்துப் போங்கள். முட்டையிடும் பருவம் எப்போது என்று கேட்டு, மாவட்ட மீன்வளத்துறை அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். மாலையிலேயே போய்விடுங்கள், ஊசி போடுவது அப்போதுதான்.