மாத்திரை காலையில், கூட்டம் மாலையில்

கேள்வி: சுங்கை சிப்புட்டில் எங்கள் சபையின் வாலிபர் கூட்டத்தை நடத்துகிறேன். சனிக்கிழமை மாலை 6 மணிக்குக் கூடுவோம். 13 வயதுப் பையன் ஒருவன், ஏடிஎச்டி (கவனம் நிலைக்காமை, அடங்காத துறுதுறுப்பு) என்று ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். ஆனாலும் ஓர் இடத்தில் உட்கார மாட்டேன் என்கிறான், வேதபாடத்தில் குறுக்கே குறுக்கே பேசுகிறான். மற்ற பெற்றோர் முணுமுணுக்கிறார்கள். "மாத்திரையை நிறுத்திவிட்டு ஜெபிக்கச் சொல்லுங்கள்" என்கிறார் ஒரு மூப்பர். கொஞ்ச நாளைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிடலாமா?
– ஒரு வாலிபர் தலைவர்

பதில்: வேண்டாம் தம்பி, அதை மட்டும் சொல்லிவிடாதீர்கள். பள்ளியிலும் வீட்டிலும் வாரம் முழுக்கத் திட்டு வாங்கும் பிள்ளைகள் இவர்கள். உங்கள் கூட்டமும் கதவைச் சாத்தினால் அவன் எங்கே போவான்?

முதலில் மாத்திரை விஷயம். அவன் சாப்பிடுவது மெத்தில்பெனிடேட் என்றால், சாதாரண மாத்திரையின் வேலை ஏறக்குறைய 4 மணி நேரம்தான். நீண்ட நேரம் நிற்கும் வகைகூட, காலையில் போட்டால் சாயங்காலத்துக்குள் பெரும்பாலும் இறங்கிவிடும். மருந்து ஓய்ந்த நேரத்தில்தான் அவன் உங்கள் முன்னால் வந்து உட்காருகிறான். இது திமிர் இல்லை, பிசாசின் வேலையும் இல்லை. மூளை தன்னைத்தானே கட்டுப்படுத்தும் விதத்தில் உள்ள சிக்கல், பல குடும்பங்களில் வழிவழியாக வருவது. மூப்பரிடம் மரியாதையாக, ஆனால் தெளிவாகச் சொல்லுங்கள்: ஜெபிப்போம், மருந்தை நிறுத்துவதோ மாற்றுவதோ டாக்டர் சொல்ல வேண்டியது.

அப்புறம், மாற வேண்டியது உங்கள் கூட்டத்தின் நடை. 40 நிமிடம் ஒரே மூச்சாகப் பேசினால் நல்ல பிள்ளைகளே நெளிவார்கள். பத்து நிமிடம் பேசுங்கள், பிறகு எழுந்து செய்கிற மாதிரி ஏதாவது கொடுங்கள். "பைபிளைத் திற, அதிகாரத்தை எடு, வசனத்தை வாசி, அர்த்தம் சொல்" என்று ஒரே மூச்சில் சொன்னால், அவன் பக்கத்தைப் புரட்டும்போதே மற்றதெல்லாம் மறந்துபோகும். ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். வசனத்தைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி முன்னாலேயே கையில் கொடுத்தால் இன்னும் நல்லது. பிளாஸ்டிக் நாற்காலி அடுக்குவது, பாட்டு வரிகளைத் திரையில் மாற்றுவது போன்ற வேலை அவனுடையது என்று ஆக்கிவிடுங்கள். பின்வரிசையில் நின்றுகொண்டே கேட்கட்டும், பரவாயில்லை. குறுக்கே பேசினால் எல்லார் முன்னாலும் பெயர் சொல்லி அதட்டாதீர்கள். இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த ஒரு சைகையை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று சொல்லட்டுமா? ஜன்னல் ஓரமாகச் சத்தமில்லாமல் கனவு கண்டுகொண்டிருக்கும் ஒரு பெண்பிள்ளையும் உங்கள் கூட்டத்தில் இருக்கலாம். துள்ளாத ஏடிஎச்டியும் உண்டு, அது யார் கண்ணிலும் படாமல் போய்விடுகிறது. பட்டம் கட்டாமல், கவனித்ததை மட்டும் பெற்றோரிடம் சொல்லுங்கள். அரசாங்க கிளினிக்கில் காட்டினால் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுப்பார்கள்.

பையனின் அம்மாவிடம் இந்த வாரமே பேசுங்கள். புகாராக வேண்டாம். "அக்கா, வீட்டில் எது அவனை அமைதிப்படுத்துகிறது?" என்று கேளுங்கள், உங்களைவிட அவருக்குத்தான் தெரியும். கூட்டம் முடிந்ததும் அவன் அன்று நன்றாகச் செய்த ஒன்றை வாட்ஸ்அப்பில் அவருக்கு அனுப்புங்கள். முணுமுணுக்கும் பெற்றோருக்கு அவன் வியாதியை விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். அதைச் சொல்லும் உரிமை அந்தக் குடும்பத்துக்குத்தான்.